ஆச்சிக்கு உளநலம் சரியில்லையாம்!

யாழ்ப்பாணத் தீவகத்து முதியவர்களின் உளநலம் கெட்டுக்கொண்டு போகிறதாம். அதிகாரிகள் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்கள் சொல்கின்றன, பவர்பொயின்ற் சொல்கிறது. ஆகவே அவர்களுக்கு உளவளத்துணை வேண்டுமாம், விழிப்புணர்வு வேண்டுமாம், மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடும் பயிற்சி வேண்டுமாம். அனலைதீவுத் துறையில் ஊர்காவற்றுறை வள்ளத்துக்குக் காத்திருக்கும் எழுபத்தெட்டு வயதுக் கிழவிக்கு மூச்சைப் பற்றிப் பாடம் எடுக்கத் துணிந்தவர்களின் நெஞ்சுரத்தை மெச்சத்தான் வேண்டும். அவள் இத்தனை காலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் எல்லாம் ஒரே அச்சு. ஐந்து நிறுவனங்களின் சின்னம் போட்ட பதாகை ஒன்று. குத்துவிளக்கு ஒன்று, அதை ஏற்ற ஒன்பது பேர். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை. அதற்குள் பதினொரு மணியாகிவிடும். வளவாளருக்குத் திரும்புகிற வள்ளத்தின் நினைப்பு வந்துவிடும். அவசர அவசரமாகச் சுவரில் ஒரு முக்கோணத்தைக் காட்டுவார். மாஸ்லோவின் முக்கோணமாம். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதில் முக்கோணம் எதையும் அவர் வரையவில்லை. வரைந்தவர்கள் பின்னால் வந்த முகாமைத்துவக்காரர்கள். போகட்டும். அடியில் சோறு, தண்ணீர், நித்திரை, அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு அன்பு, பிறகு மதிப்பு, உச்சியில் என்னவோ ஒன்று.

“அம்மா, நீங்கள் இதில எந்தப் படியில நிக்கிறியள்?”

“படியோ தம்பி? இறங்குதுறைப் படியில ஒரே பாசி. போன மாசமும் வழுக்கினது. பிடிக்க ஒரு கம்பி போட்டுத் தருவியளோ?”

மண்டபம் சிரிக்கும். வளவாளரும் சிரிப்பார். ‘பயனாளிகள் உற்சாகமாகப் பங்குபற்றினர்’ என்று அறிக்கையில் எழுதப்படும். கம்பி எழுதப்படாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வேலணைக்குப் பண்ணைத் தாம்போதி உண்டு. அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம் உண்டு. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் கடல்தான் வீதி. அதிலும் நயினாதீவு கொடுத்துவைத்தது. நாகபூஷணி அம்மனும் நாகவிகாரையும் அங்கே இருப்பதால் குறிகட்டுவானிலிருந்து வள்ளங்கள் ஓயாமல் ஓடும். அனலைதீவில் ஐயனாரும் புகையிலைத் தோட்டமும் வயதுபோனவர்களும்தான். ஒல்லாந்தர் இந்தத் தீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகத்தின் பெயர். அதற்குப் பிறகு வந்தவர்கள் எவரும் துறைமுக விஷயத்தில் அவர்களை மிஞ்ச முயலவில்லை.

கிளினிக் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது; காய்ச்சலுக்கும் காயத்துக்கும் போகலாம். கண்ணில் புரை, நெஞ்சில் குத்து, ஸ்கான், எலும்பு முறிவு என்றால் யாழ்ப்பாணம். விடிய எழும்பி வள்ளம், வள்ளத்தால் இறங்கி பஸ், பஸ்ஸால் இறங்கி வரிசை, வரிசையில் ஓர் இலக்கம். இலக்கம் வரும்போது மத்தியானம். மருந்து எடுக்கும் யன்னலடியில் நிற்கும்போது கடைசி வள்ளத்தின் பயம் பிடித்துக்கொள்ளும். தவறவிட்டால் எங்கே படுப்பது? சொந்தக்காரர் வீடு என்றாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க ஒரு கூச்சம். சோளகம் பெயர்ந்தால் வள்ளம் ஆடும். வாடைக்காலத்தில் சில நாள் ஓடவே ஓடாது. அன்றைய கிளினிக் அடுத்த மாதத்துக்குப் போகும். பிரஷர் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்குமா என்று எவரும் கேட்பதில்லை.

பயணம் உண்மையில் முதல் நாள் பின்னேரமே தொடங்கிவிடுகிறது. ஆச்சி அப்போதிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வள்ளத்தில் கழிப்பறை இல்லை. துறையில் இருப்பது பூட்டிக் கிடக்கும்; திறந்திருந்தாலும் மூக்குள்ளவர்கள் போகமாட்டார்கள். பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். ஆண்கள் பற்றையைக் கண்டால் ஒதுங்குவார்கள். எழுபத்தெட்டு வயதுப் பெண் தாகத்தைத்தான் அடக்கவேண்டும். சீனி வருத்தக்காரி, தொண்டை வறண்டு, வெயிலில் வெந்து, வைத்தியருக்கு முன்னால் போய் இருப்பாள். அவர் நல்ல பிள்ளை. கரிசனையோடு சொல்வார்: “அம்மா, தண்ணி நல்லாக் குடிக்கவேணும்.” அம்மா தலையை ஆட்டுவாள். காரணம் சொல்ல வெட்கம்.

முதியவரின் மனச்சோர்வை அளக்க உலகத்தில் எத்தனையோ வினாக்கொத்துகள் இருக்கின்றன. அண்மைக்காலத்தில் நம்பிக்கை இழந்ததுண்டா, அழவேண்டும்போல் இருந்ததுண்டா என்றெல்லாம் கேட்கும். தாகம் தீரத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டைவிட்டு வெளிக்கிட்டு எவ்வளவு காலம் என்ற கேள்வியை நான் எதிலும் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுவதும் எங்கள் சனங்களின் காயங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். இங்கே மனத்தின் நோவு உடம்பின் வழியாகத்தான் வாய் திறக்கிறது என்பதும், காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கிறது என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை. ஆச்சி ‘எனக்கு மன அழுத்தம்’ என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். நாரி நோகுது என்பாள். நெஞ்சு பதகளிக்குது என்பாள். இராவில நித்திரை இல்லை, கால் எரியுது என்பாள். இரண்டு பனடோல் கிடைக்கும். மருந்து தந்தாயிற்று; பதிவு செய்தாயிற்று; அடுத்த ஆள்.

இனி ஒக்ரோபர் 1க்கு வருவோம். அந்த நாளை முதியோருக்கென்று ஒதுக்க 1990 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. இலங்கையில் அதே நாள் சிறுவர் தினமும்கூட. ஒரே பந்தல், ஒரே ஒலிபெருக்கி, ஒரே பிரதம விருந்தினர். வாழ்க்கையின் இரண்டு அந்தத்தையும் ஒரே சிற்றுண்டிப் பெட்டியில் முடித்துவிடும் இந்தச் சிக்கனத்தைச் சர்வதேச நாணய நிதியம் கண்டால் கண்ணீர் மல்கும். சிறுவர்களுக்குப் பலூன். முதியவர்களுக்குச் சங்கீதக் கதிரை. பாட்டு ஓடும், வயதுபோனவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரைகளைச் சுற்றி ஓடுவார்கள், பாட்டு நிற்கும், ஒருவருக்குக் கதிரை இராது. எல்லோரும் கைதட்டுவோம். வென்றவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

முதியோர் நலனுக்கான அரசின் கொள்கை முழுவதும் இந்த விளையாட்டுக்குள் அடங்கிவிட்டது. 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்தது. 22 குறிகாட்டிகளால் வறுமையை அளந்தார்கள். பாட்டு நின்றது, பட்டியல் ஒட்டப்பட்டது, கதிரை கிடைக்காதவர்களின் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. தீவில் ஒரு வகைக் கிழவி உண்டு. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய மாபிள் வீட்டுக்கு அவள் காவல். பின் குசினியில் பாய் போட்டுப் படுப்பாள். முன் மண்டபத்தைத் தினமும் துடைப்பாள். மாபிள் அவளுக்குச் சோறு போடுவதில்லை. அளக்க வருபவரின் கண்ணில் மட்டும் தவறாமல் படும்.

கதிரை கிடைத்தவர்களின் பாட்டையும் பார்ப்போம். எழுபது வயது தாண்டிய வறியவருக்கு 2023இல் மாதம் 2000 ரூபா. 2024இல் 3000. 2025இல் 5000. கூட்டியிருக்கிறார்களே என்று கோபிக்கவேண்டாம், கணக்குப் பார்ப்போம். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியது. தீவில் மீன்பிடி வள்ளம் ஓடுவதும் மீன் வருவதும் அந்த எண்ணெயில்தான். அந்த விலையில், மாதக் கொடுப்பனவு 2000 ரூபாவுக்கு ஆறு லீற்றர்கூட வராது. ஒரு மனிதப் பிறவியின் கடைசிக் காலத்தை ஆறு லீற்றருக்குக் குறைவாக மதித்த பெருமக்கள்தான் இன்றைக்கு அவளுடைய ‘நேர்மறைச் சிந்தனை’யை வளர்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

அனலைதீவை எவரும் கவனிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. இரண்டு வல்லரசுகள் கவனித்தன. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசு. இராமேஸ்வரத்துக்கு எதிரே சீனனா என்று இந்தியா துள்ளியது. டிசெம்பரில், ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். முருகன் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று தெரியவில்லை. 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவின் கைக்குப் போனது. 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம். 11 மில்லியன் டொலர் நன்கொடை. சூரியனால் 1700 கிலோவாற், காற்றால் 530 கிலோவாற்.

மின்சாரம் நல்லதுதான், வரட்டும். ஆனால் மூன்று வருடமாக மூன்று தலைநகரங்களும் அனலைதீவை வரைபடத்தில் உருப்பெருக்கிப் பார்த்தனவே, அந்தக் கண்ணாடியில் ஒரு கிழவிகூடத் தெரியவில்லையா? பாதுகாப்புக் கவலை பெய்ஜிங்குக்கு உண்டு, டெல்லிக்கு உண்டு, கொழும்புக்கு உண்டு. பாசி பிடித்த படியில் காலை வைக்கிறவளுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்க அனுமதியில்லை.

அயலாரை ஏசியாயிற்று, இனி எங்களவர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று புறக்கணிக்கக்கூடாது என்கிறது. பராமரிப்புச் சபைக்கு முறையிட்டால் மாதக் காசு கட்டுமாறு பிள்ளைக்குக் கட்டளை வரும். பிள்ளை ரொறன்ரோவில் இருக்கிறான்; கட்டளை அங்கே செல்லாது. செல்லவும் தேவையில்லை என்பான். காசு ஒழுங்காக அனுப்புகிறான். உண்டியலில் அனுப்பினால் இன்னும் கெதியாகப் போகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நாலு பக்கமும் கமரா பூட்டியிருக்கிறான். கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தால் ஸ்காபரோவில் இருந்தபடியே, துல்லியமான தரத்தில், நேரலையில் பார்க்கலாம். தூக்கிவிடத்தான் ஆளில்லை.

ஊர்ச் சங்கங்களின் சேவையும் சாமானியமானதல்ல. கோபுரத்துக்கு வர்ணம், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மணி, நுழைவாயிலுக்கு வளைவு, வளைவில் உபயகாரரின் பெயர், தேரைப் படம்பிடிக்க வானத்தில் ட்ரோன். தேரை மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வடத்தைப் பிடிக்க ஆள் போதாததும், பிடித்தவர்களில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள் என்பதும் அவ்வளவு உயரத்திலிருந்து தெரிவதில்லை. கோவிலுக்குச் செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயனார் காவல் தெய்வம். அவரிடம் கேட்டாலும், முதலில் துறையில் ஒரு கழிப்பறை கட்டுங்கோடா என்றுதான் சொல்வார்.

உலருணவுப் பொதி என்று ஒன்று இருக்கிறது. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, சீனி, தேயிலை, ஒரு சவர்க்காரம். அதன் ஒரு நுனியை ஆச்சி பிடிப்பாள். மறு நுனியை ஆறு பேர் பிடிப்பார்கள். “இஞ்ச பாருங்கோ அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ.” சிரிக்காவிட்டால் மறுபடி எடுக்கவேண்டும். அரை மணித்தியாலத்தில் படம் முகநூலில். ஒரு காலத்தில் புகையிலைக் கன்றுக்குப் பட்டை பிடித்துத் தண்ணீர் இறைத்தவள், தன் தோட்டத்து வெங்காயத்தை அயலுக்கு அள்ளிக் கொடுத்தவள், இன்று ஊர் பார்க்க அரிசி வாங்குகிற படத்தில் சிரிக்கவேண்டும். அன்றிரவு அவள் வயிறு நிறையும். மனம் என்ன பாடுபடும் என்று அந்த ஆறு பேரில் ஒருவராவது யோசித்தாரா?

முக்கோணம் காட்டிய வளவாளருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. லூயிஸ் ரே, எட் டீனர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 123 நாடுகளின் தரவுகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோறும் கூரையும் பாதுகாப்பும் இருந்தால் மனிதர் தம் வாழ்க்கையை நல்லதென்று மதிப்பிடுகிறார்கள்; ஆனால் அன்றாடச் சந்தோஷம் உறவோடும் மதிப்போடும்தான் கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்று கண்டார்கள். முதலில் சோறு, மரியாதை பிறகு என்று படிப்படியாகக் காத்திருக்கும் அவசியமும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். மரியாதையைப் பறித்துக்கொண்டு சோறு போட்டால் போட்ட சோற்றிலும் பாதிதான் உடம்பில் ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் கிழவிகளுக்கு 123 நாடுகள் தேவைப்படவில்லை.

தனிமைக்கென்று பிரித்தானியா 2018இல் ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் நியமித்தது. தனிமை ஆண்டுக்கு எட்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களோடு தொடர்புபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் கணக்குச் சொன்னது. கொழும்பு இதைக் கேள்விப்படாமல் இருக்கட்டும். கேள்விப்பட்டால் தனிமை அமைச்சு என்று ஒன்று முளைக்கும். அதற்கொரு பிரதி அமைச்சர், செயலாளர், ஆலோசகர், நாலு வாகனம். வாகனம் அனலைதீவுக்கு வராது.

1990 என்றால் தீவகத்தாருக்கு ஒரு வருடம். அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது, ஊர்கள் கலைந்தன, வீடுகளை விட்டு ஓடியவர்கள் பலர் திரும்பவேயில்லை. இன்றைக்கு 1990 அவசர அம்புலன்ஸின் இலக்கம். இந்திய உதவியோடு 2016இல் தெற்கில் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்த நல்ல சேவை. அழைத்தால் வண்டி வரும். கடற்கரை மட்டும் வரும். நடுச்சாமத்தில் தீவுக்குள் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் பெரும்பாலும் கடற்படைப் படகைத்தான் கெஞ்சவேண்டும். அவர்கள் ஏற்றிப் போய் உயிரைக் காப்பாற்றியதுண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் எண்பது வயதுக் கிழவரின் இருதயம், சிவில் நிர்வாகத்தின் பொறுப்பா, இராணுவத்தின் கருணையா? உயிர் போகும்போது கடற்படை வருகிறது. உயிர் இருக்கும்போது கருத்தரங்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் வரவேண்டியது ஒரு வள்ளம்.

வள்ளம் விட முடியாதா? காசில்லையாம், எரிபொருள் செலவாம், பயணிகள் குறைவாம், நட்டமாம். சரி. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்தில் மூன்று. மூன்று தடவையும் அனலைதீவுக்கு வாக்குப்பெட்டி வந்தது. வாக்குகளோடு பத்திரமாகக் கரை சேர்ந்தது. நெடுந்தீவுப் பெட்டிகளுக்காக ஹெலிகொப்ரரே பறந்திருக்கிறது. ஒரு பெட்டியும் வரிசையில் நிற்கவில்லை; ஒரு பெட்டியும் கடைசி வள்ளத்தைத் தவறவிடவில்லை. வாக்கு கடல் கடக்க வழியிருக்கிறது. போட்டவள் கடக்கத்தான் வழியில்லை.

ஆகவே ஐயாமாரே, அம்மாமாரே, கேட்பது பெரிதல்ல. இறங்குதுறைப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. கிளினிக் நாளில், கிளினிக் முடிகிற நேரம் வரை காத்து நிற்கும் ஒரு வள்ளம். மாதத்தில் ஒரு நாள் தீவுக்கு வருகிற கண் வைத்தியரும் இருதய வைத்தியரும். இரவில் அழைத்தால் புறப்படும் ஒரு படகு அம்புலன்ஸ், ஓட்டியோடும் எரிபொருளோடும். கொடுப்பனவு எதுவானாலும், கமரா இல்லாமல், அவள் கையில். இவற்றில் ஒன்றுக்கும் வல்லரசின் அனுமதி தேவையில்லை, முக்கோணமும் தேவையில்லை. இதை எல்லாம் செய்து முடித்த பிறகும் ஆச்சிக்கு மனம் சரியில்லை என்றால், அப்போது வந்து மூச்சுப் பயிற்சி கொடுங்கள். அதுவரை அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வருத்தம் எங்கள் ஆட்சிக்கும், எங்கள் சங்கங்களுக்கும், எங்களுக்கும்தான்.